சீட்டு கிழிந்தவர்களுக்கு மாமா பதில்கள்

ஓய்வுபெற்ற ஆசிரியர், பட்டாபிராம்: கனடாவில் இருக்கும் என் மகன் பழைய 'கேனோ' படகு ஒன்று வாங்கியிருக்கிறான். உட்காரும் இடத்தில் பிரம்பு இற்றுவிட்டதாம். வேறு என்ன போடலாம் என்று வாட்ஸ்அப்பில் கேட்கிறான்.

பட்டாபிராம் வழியாகக் கனடா படகுக்கு வைத்தியம்! சரியான ஆளிடம்தான் வந்திருக்கிறீர்கள். எனக்கு நீச்சல் தெரியாது. ஆகவே யோசனை தாராளமாக வரும். பிரம்பு அழகுதான், தண்ணீரும் தேங்காது. ஆனால் நனைந்தது காயாமலே கிடந்தால் உளுத்துவிடும். நைலான் பட்டை நனைந்தால் நெகிழும். காலையில் இருக்கை, மாலையில் தூளி. பாலியெஸ்டர் பட்டை தண்ணீர் குடிக்காது, அவ்வளவாகத் தொய்யாது. அதையே போடச் சொல்லுங்கள். ஆணி மட்டும் இரும்பில் வேண்டாம், துருப்பிடிக்காத ஸ்டீல். குறுக்கும் நெடுக்கும் பின்னத் தெரியாது என்பானேயானால், அவன் தூங்கி வளர்ந்த நாடா கட்டிலைப் போட்டோ எடுத்து அனுப்புங்கள்.

கல்லூரி மாணவர், ஆவடி: நம்ம கட்டுமரத்துல ஏன் மாமா சீட்டே இல்ல?

அதில் போகிறவர் வேலைக்குப் போகிறார், தம்பி. பருத்திப்பட்டு ஏரியில் நீ போகும் சவாரி மாதிரியா? நின்றபடி தள்ளுவார், மண்டியிட்டுத் துடுப்புப் போடுவார். கேனோவின் பூர்வகுடி முன்னோர்களும் மரப்பட்டைப் படகில் மண்டி போட்டவர்கள்தாம். 'கனோவா' என்பது கரீபியன் தீவுகளில் கொலம்பஸ் காதில் விழுந்த சொல்; 'கட்டமரான்' நம்மிடம் எடுத்தது. இரண்டும் ஆங்கிலத்தில் குடியிருக்கின்றன. வாடகை இன்னும் வரவில்லை.

இல்லத்தரசி, கொரட்டூர்: வயர் கூடை பின்னி மிஞ்சிய வயர் நிறைய இருக்கிறது. கிழிந்த வயர் சேருக்கு அதையே சுற்றலாமா?

சிவன் கண் பின்னல் வரை கற்றவர் என்று எழுத்திலேயே தெரிகிறது. ஆனால் வேண்டாம் அம்மா. கூடை வயர் மெலிசு; தொடையில் கோடு போடும், பாரத்தில் இழுபட்டுத் தொங்கும். சேருக்கென்றே தடித்த வயர் விற்கிறது, கறுப்பாகக் கேட்டு வாங்குங்கள். கறுப்புச் சாயத்தில் இருக்கும் கரி வெயிலைத் தாங்கும். கூடை சுமப்பது ஐந்து கிலோ கத்தரிக்காய். சேர் சுமப்பது உங்கள் வீட்டுக்காரரை.

குடும்பஸ்தர், திருமுல்லைவாயல்: தாத்தாவின் தேக்கு நாற்காலியில் பிரம்பு போய்விட்டது. ரெடிமேட் ஷீட் ஒட்டலாமா, கையால் பின்ன வேண்டுமா?

என்னைக் கேட்காதீர்கள், நாற்காலியைக் கேளுங்கள். சட்டத்தின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். வரிசையாகத் துளைகள் இருந்தால் கைப்பின்னல். துளை இல்லாமல் சுற்றிலும் வாய்க்கால் மாதிரிப் பள்ளம் ஓடினால் ஷீட். பள்ளத்தில் ஷீட்டை அழுத்தி, மேலே ஒரு குச்சியை வைத்து அடைப்பார்கள். துளை போட்ட சட்டத்தில் ஷீட்டை ஆணியடித்து ஒப்பேற்றுகிறவரைத் தாத்தா மன்னிக்க மாட்டார்.

பின்னல் அறுந்திருக்காமல் வெறுமே தொய்ந்திருந்தால் செலவே வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து, அடிப்பக்கம் ஈரத்துணி போட்டு ஊறவிட்டு, இரவெல்லாம் யாரும் உட்காராமல் காயவிடுங்கள். காய்ந்ததும் இறுகும். கஷ்டமான பகுதி ஈரத்துணி அல்ல, யாரும் உட்காராமல் பார்த்துக்கொள்வது.

அதே குடும்பஸ்தர்: பேசாமல் ஸ்பாஞ்ச் வைத்து ரெக்ஸின் தைத்துவிட்டால்?

தைத்தேன். மே மாதம், அம்பத்தூர், மின்வெட்டு. எழுந்தபோது நாற்காலியும் என்னோடு எழுந்தது. பின்னலில் ஓட்டை இருப்பது கஞ்சத்தனத்தால் அல்ல ஐயா, காற்றுக்கு.

'அடிபட்டவன்', வானகரம்: பிரம்பு என்றாலே வாத்தியார் ஞாபகம் வந்து உடம்பு கூசுகிறதே?

இரண்டும் ஒரே கொடிதான். பனை இனத்தைச் சேர்ந்தது, முள்ளோடு மரமேறும். அதன் தோலைச் சீவினால் பின்னல் இழை, முழுசாக வெட்டினால் வாத்தியார். எந்த உருவத்தில் வந்தாலும் அதன் குறி ஒரே இடம்தான்.

பைக்கர், ஆவடி: பைக் சீட் கவர் மூன்று மாதத்தில் கிழிகிறது. என்ன பொருள் போடலாம்?

பொருளை விடுங்கள். சாவிக்கொத்தைப் பின்பாக்கெட்டில் வைக்கும் பழக்கத்தை மாற்றுங்கள். 1965இலேயே உங்கள் ஊரில் விஜயந்தா டாங்கி செய்துவிட்டார்கள். அந்த இரும்பில் சீட் போட்டாலும் மூன்று மாதம்தான்.

தொண்டர், பூந்தமல்லி: கட்சியில் எனக்கு சீட் கிழிந்துவிட்டது. மாற்று என்ன?

மாற்றுக் கட்சி. அங்கேயும் ஈரத்துணி போட்டு ஒரு ராத்திரி காத்திருங்கள்.

சைக்கிள் பிரியர், பாடி: 1949இல் டிஐ சைக்கிள்ஸ் தொடங்கிய ஊர்க்காரர் நீங்கள். பழைய தோல் சீட் குழிந்துவிட்டது, தூக்கிப் போடவா?

போடாதீர்கள்! சீட்டின் மூக்குக்கு அடியில் குனிந்து பாருங்கள், ஒரு நட்டு இருக்கும். ஸ்பேனரால் அரைத் திருகு இறுக்கினால் தோல் நிமிரும். முழுத் திருகு வேண்டாம். தோல் கிழிந்தால் மறுபடி எனக்குத்தான் எழுதுவீர்கள்.

வாசகி, பூந்தமல்லி: எங்கள் பக்கம் பிரம்பு பின்ன ஆளே கிடைப்பதில்லை. எங்கே போனார்கள்?

நீங்கள் இருக்கும் ஊரிலேயே அரசு பார்வையற்றோர் பள்ளி இருக்கிறது. நாற்காலிக்குப் பிரம்பு பின்னுவது தலைமுறை தலைமுறையாகப் பார்வையற்றோருக்குக் கற்றுத்தந்த தொழில். அரசு அலுவலகங்களில் இதற்கென்றே பணியிடம் இருந்தது. விரல் நுனியால் துளையை எண்ணி, ஊறிய இழையை அடியிலிருந்து மேலே வாங்கி, குறுக்கே இரண்டு மூலைவாட்டம் போட்டுக் கண்கண்ணாகப் பின்னுவார்கள். கண் தெரிந்த நான் ஒருமுறை முயன்றேன். மூன்றாம் வரிசையில் இழை என் சட்டைப் பொத்தானோடு பின்னிக்கொண்டது. அப்புறம் பிளாஸ்டிக் சேர் வந்தது, அடுக்கிவைக்க வசதி, வேலை போயிற்று.

அப்படி ஒருவர் கிடைத்தால் பேரம் பேசாதீர்கள். கேட்ட கூலியைக் கொடுத்துவிட்டு, எங்கே இருக்கிறார் என்று எனக்கும் ஒரு கார்டு போடுங்கள். என் வீட்டில் இரண்டு நாற்காலி காத்திருக்கிறது.