‘ஃபாஸ்ட்’ என்னும் சொல்லுக்கு ஓர் உரை

ஆங்கிலப் பெயரடைகளுள் ‘ஃபாஸ்ட்’ பலபொருள் ஒருசொல். விரைவு என்பதே அதன் பொருள் எனக் கொள்வர் ஒரு சாரார். அது பிற்காலத்து வழக்கு. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் அசையாதது, இறுகியது. இறுகப் பிடிப்பது வலுவோடு செய்வதாகி, வலுவோடு ஓடுவது விரைந்து ஓடுவதாயிற்று என்பர் சொற்பிறப்பு அறிந்தோர். தமிழ்நாட்டில் அச்சொல் கிளம்பிய இடத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது என்பது நம் கருதுகோள்.

முதற்சான்று ரயில். அகலப் பாதையில் போக, வர இரண்டிலும் சராசரி வேகம் மணிக்கு 55 கிலோமீட்டரைத் தொட்டால் இந்திய ரயில்வேக்கு அது ‘சூப்பர் ஃபாஸ்ட்’. ஸ்லீப்பரில் அதற்கென்று தனியாக 30 ரூபாய். அதே வேகத்தில் திண்டிவனம் சாலையில் ஸ்கூட்டர் ஓட்டுகிறவரை லாரிக்காரர் ஹாரன் அடித்தே ஓரங்கட்டிவிடுவார். சராசரி என்றால் வழியில் நிற்கும் நேரமும் அடக்கமாயிற்றே என மறுப்பாரும் உளர். நிற்பதும் ஃபாஸ்டில் அடக்கம் என்பதைத்தான் நாமும் சொல்கிறோம்.

முதற்பொருள் கெடாமல் வழங்குவது ஜவுளிக்கடையில். “ஃபாஸ்ட் கலர்ம்மா, போகவே போகாது” என்பார் கடைக்காரர். சாயம் நிற்பதற்கு ஆய்வகங்களில் 1 முதல் 5 வரை மதிப்பெண் உண்டு. வெயிலைத் தாங்குவதற்கு 1 முதல் 8 வரை. வீட்டு வாளி இத்தனை நுணுக்கம் பார்ப்பதில்லை. கூடவே ஊறிய வெள்ளை வேட்டியில் முடிவை எழுதிவிடும். ஆயினும் 1960களில் ‘மெட்ராஸ்’ கட்டம் போட்ட துணி, சாயம் போவதே சிறப்பு என்ற விளம்பரத்தோடு அமெரிக்காவில் விற்றது. விற்கத் தெரிந்தவருக்கு ஃபாஸ்ட் இல்லாததும் சரக்குதான்.

‘ஃபாஸ்டிங்’ பெயரடை அன்று. எனினும் வேர் ஒன்றே. உண்ணாமல் உறுதியாய் இருப்பது என்பது பொருள். களம், காலை ஏழு மணி ரத்தப் பரிசோதனை நிலையம். முந்தின இரவு எட்டு மணிக்கு இட்லி தின்றவர்கள் டோக்கனும் கையுமாக உட்கார்ந்திருக்கிறார்கள். மஞ்சள் பையில் டிபன் டப்பா. அதன் மூடியை அடிக்கடி தொட்டுப் பார்த்துக்கொள்கிறார் ஒரு பெரியவர். “கொஞ்சம் ஃபாஸ்டா எடும்மா” என்கிறார். “ஃபாஸ்டிங்கா சார்?” என்று கேட்கிறாள் அந்தப் பெண். ஒரே மேசையில் இரு பொருளும் நேருக்கு நேர் சந்திக்கும் அரிய இடம் இது. ஊசி போட்டு எடுக்க ஒரு நிமிடம். அதன்பின் சாப்பிட்டுவிட்டு மறுபடி ரத்தம் கொடுக்க இரண்டு மணி நேரம்.

பத்து நிமிடம் ஃபாஸ்டாக வைத்த சுவர்க் கடிகாரத்தை இங்கே விட்டுவிடுவோம். அந்தப் பத்து நிமிடத்தை மனத்துக்குள் கழித்துக்கொள்ளாதவர் எந்த வீட்டிலும் இல்லை.

எஞ்சியது ஃபாஸ்டேக். 2021 பிப்ரவரியிலிருந்து சுங்கச்சாவடிகளில் கட்டாயம். முன்கண்ணாடியில் ஒட்டினால் பெயர்த்தெடுக்க முடியாது, அது முதற்பொருள். சாவடியை நிற்காமல் கடக்கலாம், அது வழிப்பொருள். இரண்டும் ஒரே சீட்டில் கூடியது கண்டு மகிழ்ந்திருந்த வேளையில் கருவி அதைப் படிக்க மறுத்தது. ஊழியர் வந்து, “கொஞ்சம் பின்னால எடுங்க சார்” என்றார். பின்னோக்கிய நகர்ச்சியை இச்சொல்லின் பொருளாக எந்த அகராதியும் இதுவரை சேர்க்கவில்லை.