காருக்கு அடியில் கோலார் மண்

கேள்வி: காருக்குக் காயிலோவர் (உயரம் மாற்றக்கூடிய ஸ்ப்ரிங்-ஷாக் அப்சார்பர்) மாட்டினேன். அதன் மரை முழுக்கச் சாம்பல் நிறத் தூசு. கிரீஸ் தடவலாமா? (ஸ்கெலட்டன், கோலார் தங்கவயல்)

பதில்: தடவவே தடவாதீர்கள்! உங்கள் ஊரில் பறப்பது சாதாரணப் புழுதியா? தங்கத்துக்காக மாவாய் அரைத்து, சயனைடில் ஊறவைத்து, மேடு மேடாய்க் கொட்டிய குவார்ட்ஸ் பாறை. 2001 பிப்ரவரி 28-இல் தங்கச் சுரங்கம் மூடப்பட்டது. அந்த மேடுகளின் தூசு இன்னும் காற்றில் பறக்கிறது. சாதா இரும்பைவிடக் கெட்டியான தூள் அது. கிரீஸில் ஒட்டினால் சாணைப் பசைதான். மரையையும் லாக் ரிங்கையும் சேர்த்துத் தின்னும். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டு, கொஞ்சம் ஷாம்பு, நைலான் பிரஷ். அலசி, நன்றாகக் காயவிட்டு, ஒட்டாத உலர் ஸ்ப்ரே லேசாக அடித்தால் போதும். ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் நுழையாதீர்கள். ஸ்டாண்டு கட்டாயம்.

கேள்வி: வாட்டர் சர்வீஸில் கடைசியாக டீசல் அடிக்கிறார்கள். பளபளக்கிறதே?

பதில்: பளபளப்பு நாலு நாள். ரப்பர் புஷ் டீசலைக் குடித்து ஊதும், தளரும், கிழியும். பிசுக்கில் தூசும் அப்பும். 'டீசல் வேண்டாம்' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஷாக் அப்சார்பர் ராடு உள்ளே போகும் இடத்தில் பிரஷர் தண்ணீரை நேராகப் பாய்ச்சவும் விடாதீர்கள். மண் ஆயில் சீலுக்குள் நுழைந்துவிடும்.

கேள்வி: ஷாக் அப்சார்பரில் ஈரம். போச்சா?

பதில்: துடைத்துவிட்டு ஒரு வாரம் ஓட்டுங்கள். மெல்லிய படலம் என்றால் பயமில்லை. வழிந்தால் சீல் போய்விட்டது. உள்ளே கேஸ் அழுத்தம் இருக்கலாம், நீங்களே பிரிக்காதீர்கள்.

கேள்வி: காயிலோவர் மாட்டியதற்குப் போலீஸ் பிடிக்குமா?

பதில்: கம்பெனி அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே சொன்னது. திரும்ப மாட்ட வேண்டிவரலாம், பழைய ஸ்ப்ரிங்கை எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தண்ணீர்ப் பஞ்சம். தூசை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட்டால்?

பதில்: கூடாது. சுரங்கத் தொழிலாளிகளின் நுரையீரலை அரித்த சிலிகோசிஸ், இதே போன்ற குவார்ட்ஸ் (சிலிக்கா) தூளால் வந்தது. உங்கள் தாத்தா காலத்தவரைக் கேளுங்கள். அரை வாளித் தண்ணீராவது தெளித்து நனைத்துவிட்டுத் தேயுங்கள், முகக்கவசத்தோடு. பிள்ளைகள் பக்கத்தில் நிற்க வேண்டாம். துடைத்த துணியை உதறாமல் அப்படியே வாளியில் முக்குங்கள்.