துருவிப் பார்க்கும் தொழிலுக்கு அனுமதிப்பத்திரம் கோரல்

தலைவர் அவர்கள்,
தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை,
கொழும்பு.

ஊடாக: கிராம உத்தியோகத்தர், பிரதேச செயலாளர், குச்சவெளி, மாவட்டச் செயலாளர், திருகோணமலை.

ஐயா / அம்மணி,

மேற்படி விடயம் தொடர்பாகத் தங்கள் மேலான கவனத்துக்குக் கொண்டுவருவது யாதெனில், நான் புல்மோட்டையில் ஒரு கொமினிகேஷன் நடத்துகிறேன். போட்டோக்கொப்பி, ரீலோட், அடையாள அட்டைப் படம், வேலை விண்ணப்பம் தட்டச்சு செய்தல் ஆகியன போர்டில் எழுதியுள்ள சேவைகள். போர்டில் எழுதாத சேவை ஒன்றும் உண்டு. அதற்குத்தான் இந்தக் கடிதம்.

காலையில் ஒரு பொடியன் வந்து சுயவிபரக் கோவை அடித்துக்கொண்டு போவான். பின்நேரம் அவன் விண்ணப்பித்த இடத்திலிருந்தே எனக்கு அழைப்பு வரும். "நானா, உங்கட ஊர்ப் பொடியன் ஒருத்தன் போட்டிருக்கான். ஒருக்கா பேஸ்புக்கில பார்த்துச் சொல்லுங்களன்." பொடியன் தந்தது தட்டச்சுக் கூலி. அவர்கள் தருவது ஒரு பிளேன்டீயும் நன்றியும். நாட்டின் மனிதவளத்தை இரண்டு முனையிலும் தாங்கிப் பிடிக்கும் ஒருவனுக்கு ஒரு பதிவிலக்கம்கூட இல்லை என்பது தங்களுக்கே நியாயமாகப் படாது.

என் வாடிக்கையாளர்களைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். நிலாவெளிப் பக்கத்து ஹோட்டல்காரர், லீசிங் கொம்பனிக் கிளைக்காரர், தனியார் வகுப்பு நடத்துபவர், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புபவர் என்று பல தரம். ஆனால் முதலாளிக்கு முந்திக்கொள்வது உடன் வேலை செய்யப்போகிறவர்கள்தான். நியமனக் கடிதத்தில் மை காயுமுன் அலுவலகத்து வட்ஸ்அப் குழுவில் புது ஆளின் கல்யாணப் படமும், அவருடைய மச்சானின் கல்யாணப் படமும் வந்துவிடும். திங்கட்கிழமை காலை அந்தப் பிள்ளை முதல் பஸ் பிடித்து, 50 கிலோமீற்றருக்கு மேல் ஆடி அசைந்து திருகோணமலைக்குப் போய், வணக்கம் சொல்லும்போது எல்லோரும் சிரிப்பார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று அதற்குத் தெரியாது. நட்பான அலுவலகம் என்று நினைத்துக்கொள்ளும்.

என்ன கேட்கிறார்கள் என்பதே இத்தொழிலின் சாரம். கணக்கு வருமா, நேரத்துக்கு வருவானா என்று இதுவரை யாரும் கேட்டதில்லை. எங்கள் மாவட்டத்தில் மூவினமும் வாழ்வதால் கேள்விகள் இனத்துக்கு ஏற்ப வரும். தமிழ்ப் பிள்ளை என்றால் நவம்பர் மாதத்தில், மாவீரர் நாளுக்கு, என்ன படம் போட்டது? முஸ்லிம் பிள்ளை என்றால் 2019 ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்கு முன்னும் பின்னும் என்ன பகிர்ந்தது? சிங்களப் பிள்ளை என்றால் 2022இல் காலிமுகத்திடல் போராட்டத்தில் நின்றதா? ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு திகதி ஒதுக்கப்பட்டிருக்கிறது. அந்தத் திகதிக்குப் போய்ப் பார்த்தால் வேலை முடிந்தது. பெண் பிள்ளைகளுக்குத் திகதியே வேண்டாம். கணக்கு இருந்தால் "கண்டபடி திரியிற பிள்ளை". இல்லாவிட்டால் "என்னத்தையோ மறைக்கிற பிள்ளை". ரோசாப்பூவைப் படமாக வைத்திருந்தால் இரண்டும்.

எங்கள் ஊர் இல்மனைட் ஆலையைத் தாங்கள் அறிவீர்கள். 1957இல் கூட்டுத்தாபனமாகத் தொடங்கியது. கடற்கரையின் கறுப்பு மணலை அள்ளிப் போட்டால் காந்தம் இல்மனைட்டை இழுத்துக்கொள்ளும். மிஞ்சியதில் மின்சாரம் றூட்டைலையும் சிர்கோனையும் வேறாக்கும். காந்தத்துக்கு மாமன் மச்சான் கிடையாது. இழுபடுவது இழுபடும், இழுபடாதது கிடக்கும். என் தொழில்நுட்பம் அதைவிட முன்னேறியது. கேட்பவர் மனதில் என்ன இருக்கிறதோ, அதையே என் கொம்பியூட்டர் இழுத்துக் கொடுக்கும்.

பெயர்ச் சிக்கல் என்று சிலர் குறை சொல்வார்கள். எங்கள் ஊர்ப் பொடியன்களில் பாதிப்பேருக்கு முகம்மது முதற்பெயர். அதைப் பதிவாளர் ஒருவிதமாக எழுதுவார், பள்ளிக்கூடத்தில் இன்னொரு விதம், பாஸ்போட்டில் மூன்றாவது விதம். கூகுளில் போட்டால் கிண்ணியாவில் ஒருவர், மூதூரில் ஒருவர், சம்மாந்துறையில் ஒருவர், கட்டாரில் லொறி ஓட்டும் ஒருவர் என்று சபை கூடிவிடும். இவர்களில் எவர் எங்கேயோ எதையோ எழுதியிருந்தாலும் அது நம் விண்ணப்பதாரியின் கோவைக்குள் வந்துவிடும். பிழை வராதா என்று தாங்கள் கேட்கலாம். ஒரு முறைப்பாடும் வந்ததில்லை. முறையிட வேண்டியவருக்குத் தன்னை யாரோ பார்த்தார்கள் என்பதே தெரியாது. இவ்வளவு சுத்தமான சேவைத் தரத்தை வேறெந்தத் துறையிலும் காண முடியாது.

வாசித்து விளங்கும் திறமையில் நாம் பின்தங்கிய நாடல்ல என்பதற்கும் சான்றுகள் உண்டு. 2019 மே மாதம் சிலாபத்தில் ஒரு கடைக்காரர் பேஸ்புக்கில் ஆங்கிலத்தில் சில சொற்கள் எழுதினார். அதிகம் சிரிக்காதே, ஒருநாள் அழுவாய் என்ற மாதிரி. அதை மிரட்டல் என்று வாசித்தவர்கள் பள்ளிவாசலுக்கும் கடைகளுக்கும் கல்லெறிந்தார்கள். 2020 ஏப்ரலில் ஓய்வுபெற்ற அரச ஊழியர் ரம்ஸி ராசிக், பேனாவையும் விசைப்பலகையையும் கொண்டு சிந்தனையால் போராட வேண்டும் என்று எழுதினார். விசைப்பலகை அபாயகரமான ஆயுதம் என்று கண்டுபிடிக்கப்பட்டு ஐந்து மாதத்துக்கு மேல் உள்ளே இருந்தார். அவருடைய அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன என்று உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில் தீர்ப்பளித்து இழப்பீடும் வழங்கச் சொன்னது. கைதுச் செய்தியைப் பகிர்ந்தவர்கள் தீர்ப்பையும் பகிர்ந்தார்களா என்று என்னிடம் எந்த வாடிக்கையாளரும் கேட்டதில்லை. கேட்டால் அதற்கு வேறு கட்டணம்.

வெளிநாட்டு அனுபவத்தையும் ஆராய்ந்துள்ளேன். அமெரிக்காவின் மொன்டானா மாநிலத்தில் போஸ்மன் என்ற நகரசபை, வேலைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் கடவுச்சொல்லையே கேட்டது. 2009இல் ஊர் சிரித்ததும் கைவிட்டார்கள். கோழைகள். 2012இல் மேரிலாந்து மாநிலம் அப்படிக் கேட்பதைச் சட்டம் போட்டே தடுத்தது. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்து ஆய்வாளர்கள் அக்விஸ்தியும் ஃபோங்கும் இன்னும் சிரமப்பட்டார்கள். இல்லாத ஆட்களுக்கு இணையத்தில் பக்கங்கள் உருவாக்கி, ஒருவரை முஸ்லிம் என்றும் மற்றவரைக் கிறிஸ்தவர் என்றும் காட்டி, 4,000க்கு மேற்பட்ட நிறுவனங்களுக்கு விண்ணப்பம் அனுப்பினார்கள். குடியரசுக் கட்சிக்கு ஆதரவு கூடிய பகுதிகளில் முஸ்லிமுக்கு நேர்முகத்துக்கான அழைப்பு மிகக் குறைவாக வந்ததாம். இதைக் கண்டுபிடிக்க ஏன் இவ்வளவு செலவு? புல்மோட்டைக்கு வந்திருந்தால் ஒரு பிளேன்டீயோடு நான் சொல்லியிருப்பேன்.

இனிச் சட்டத்துக்கு வருகிறேன். நம் நாட்டில் இரண்டு ஒன்பதாம் இலக்கச் சட்டங்கள் உண்டு. 2024இன் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம், நாம் எழுதுவதைப் பிடிப்பதற்கு. அது ஜனவரி 24இல் பாராளுமன்றத்தில் நிறைவேறி, பெப்ரவரி 1இல் நடைமுறைக்கு வந்தது. எட்டே நாள். 2022இன் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம், நம்மைப் பற்றிப் பிறர் சேர்ப்பதைக் கட்டுப்படுத்துவதற்கு. 2022 மார்ச்சில் சான்றுப்படுத்தினார்கள். 2023இல் தங்கள் அதிகாரசபைக்கு வழி பிறந்தது. முக்கியமான பகுதிகள் 2025 மார்ச் 18இல் நடைமுறைக்கு வரும் என்று வர்த்தமானியில் போட்டார்கள். நாள் நெருங்கியதும் தள்ளிப்போட்டார்கள். பிடிக்கும் சட்டம் எட்டு நாளில் எழுந்து ஓடியது. காக்கும் சட்டம் மூன்று வருடம் கழிந்த பின்னும் முழுதாக எழும்பவில்லை. இந்த நிதானத்துக்காக என் போன்ற சிறு முயற்சியாளர்கள் தங்களுக்கு என்றும் கடமைப்பட்டவர்கள்.

அச்சட்டத்தை நான் வாசித்தேன். இனம், சமய நம்பிக்கை, அரசியல் அபிப்பிராயம், உடல்நலம் ஆகியவற்றை விசேட வகைத் தரவு என்று தனியாகக் காக்கச் சொல்கிறது. வரைந்தவர் என் கடையில் ஒளிந்திருந்து வாடிக்கையாளர்களின் கேள்விகளைக் குறித்துக்கொண்டு போயிருக்க வேண்டும். மீறினால் ஒரு கோடி ரூபாய் வரை தண்டம் என்று வாசித்ததும் எனக்கு நெஞ்சு அடைத்தது. நல்லவேளை, தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்கு மட்டும் என்றால் சட்டம் பொருந்தாது என்றும் இருக்கிறது. ஆகவே இப்போது முதலாளி தன் மைத்துனனிடம் சொல்கிறார். மைத்துனன் தன் மனைவியிடம் சொல்கிறார். அவர் அடுப்படியில் மீன் ஆணம் கொதிக்கும் நேரத்தில் தொலைபேசியில் பார்த்துச் சொல்கிறார். முழுக்க முழுக்க வீட்டுப் பாவனை.

அரசாங்கம் எங்களுக்கு வழிகாட்டியாக இருப்பதையும் குறிப்பிடாமல் இருக்க முடியாது. 2022 செப்டெம்பரில் பொது நிருவாக அமைச்சு, தாபன விதிக்கோவையைக் காட்டி, அரச ஊழியர்கள் சமூக ஊடகத்தில் கருத்துச் சொல்வது ஒழுக்காற்று நடவடிக்கைக்குரியது என்று அறிவித்தது. யாரோ உட்கார்ந்து பார்க்காமல் இதை அமுல்படுத்த முடியாது அல்லவா? அந்த யாரோவுக்குச் சம்பளம் உண்டு என்றால் எனக்கும் ஓர் உரிமம் தரலாம்.

சில வயசாளிகள் பழைய காலத்தைப் பெருமை பேசுகிறார்கள். அப்போதும் விசாரிப்பு இருந்ததாம். பள்ளிவாசல் தலைவரிடம் கேட்பார்கள், அதிபரிடம் கேட்பார்கள், கிராம சேவகரிடம் நற்சான்று வாங்கச் சொல்வார்கள். ஆனால் கேட்டவர் யார் என்று அன்று பின்நேரமே வாப்பாவின் காதுக்கு வந்துவிடும். வாப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு போய், "அது என்ட மகன் இல்ல, என்ட தம்பிட மகன்" என்று சண்டை பிடித்துத் தீர்த்துவிட்டு வருவார். யுத்த காலத்துச் சோதனைச் சாவடியிலும் அப்படித்தான். அடையாள அட்டையில் ஊரைப் பார்த்து முகம் சுளித்த சிப்பாயின் முன்னால் நாம் நின்றோம். தெரிந்த சிங்களத்தில் ஏதாவது சொன்னோம். சில நேரம் விட்டார்கள், சில நேரம் விடவில்லை. எப்படியோ ஆள் இருக்கும்போது தீர்ப்பு நடந்தது. அந்த நேர விரயத்தை நாங்கள் ஒழித்துவிட்டோம்.

இவ்வளவுக்குப் பிறகும் விண்ணப்பதாரிகள் சிலர் எதிர்க்கேள்வி கேட்கிறார்கள். "அவர் என்ட பத்து வருசத்துப் படத்தைப் பார்க்கிறார். எங்கட சம்பளத்தில் 8 சதவீதத்தை வெட்டி, தன் பங்கு 12 சதவீதத்தையும் சேர்த்து ஊழியர் சேமலாப நிதிக்குக் கட்டுவாரா எண்டு நான் எங்க பார்க்கிறது?" என்றாள் ஒரு பிள்ளை. தேடிப் பார்த்தேன். அந்த முதலாளியின் ஹோட்டலுக்கு வெள்ளைக்காரர் கொடுத்த நட்சத்திரங்கள் கிடைத்தன. இறால் பொரியல் நல்லதாம். சேமலாபம் பற்றி ஒன்றுமில்லை. இணையம் எல்லாவற்றையும் காட்டும் என்பவர்கள் எந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறார்கள் என்பதையும் சொல்ல வேண்டும்.

ஆகவே எனக்கு அனுமதிப்பத்திரம் ஒன்றை வழங்குமாறும், ஒரேயொரு விடயத்தைச் செய்யாதிருக்குமாறும் பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். ஐரோப்பாவின் தரவுப் பாதுகாப்பு அதிகாரிகள் குழு 2017இல் ஒரு கெட்ட முன்னுதாரணத்தை ஏற்படுத்திவிட்டது. பக்கம் பகிரங்கமாக இருக்கிறது என்பதற்காக முதலாளி அதை அள்ளிக்கொள்ள முடியாதாம். பார்ப்பது அந்த வேலைக்குத் தேவையானதாக இருக்க வேண்டுமாம். பார்க்கப்போவதை விண்ணப்பதாரிக்கு முன்கூட்டியே சொல்லவும் வேண்டுமாம். இதை இங்கே கொண்டுவந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். பார்த்ததை எழுதி வைக்க வேண்டிவரும். எழுதியதைப் பிள்ளையிடம் காட்ட வேண்டிவரும். "இது நான் இல்ல, மூதூரில இருக்கிற வேற ஆள்" என்று அது ஒரே வசனத்தில் சொல்லிவிடும். அந்த ஒரு வசனத்தோடு என் கடை மூடப்படும்.

எனது பிழைப்பைக் கருத்திற்கொண்டு, அந்த வசனத்தைச் சொல்லும் சந்தர்ப்பம் எவருக்கும் கிடைக்காதவாறு தொடர்ந்தும் ஆவன செய்வீர்கள் என நம்புகிறேன்.

இவ்வண்ணம்,
தங்கள் உண்மையுள்ள,
கொமினிகேஷன்காரன், புல்மோட்டை.
(பெயர் தரப்படவில்லை. தேடிப் பார்ப்பீர்கள்.)

பிரதிகள்:
1. நிகழ்நிலைக் காப்பு ஆணைக்குழு – உடனடி நடவடிக்கைக்காக.
2. பொது நிருவாக அமைச்சு – தகவலுக்காக.
3. சகல முதலாளிமார் – கோவைக்காக.
4. விண்ணப்பதாரி – வழமைபோல் அனுப்பப்படவில்லை.