முட்டி போடும் மாவீரன்

ஏழாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எழுதாததற்குக் கணக்கு வாத்தியார் முட்டி போடச் சொன்னபோது, "கால் வலிக்குது சார்" என்று அழுதவன்தான். இன்று மாலின் ஃபுட் கோர்ட்டில், சால்னா சிந்திய தரையில், யாரும் சொல்லாமலே முட்டி போடுகிறான்.

இவனை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சம்பள உயர்வு கேட்க மூன்று மாதம் மேனேஜர் அறை வாசலில் நடமாடுவான். மோட்டார் ரிப்பேர் என்பதை வீட்டுக்காரரிடம் நேரில் சொல்லக் கூச்சப்பட்டு மெசேஜ் போடுவான். 'என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறியா?' என்று கேட்க மட்டும் இருநூறு பேர் சாட்சிக்கு வேண்டும்.

எங்கள் மாடி வீட்டுப் பையன் இந்த ஜாதி. ஏற்பாட்டில் குறை சொல்ல முடியாது. வீடியோ எடுக்க இரண்டு நண்பர்கள். ஒருவன் எதிரே, இன்னொருவன் எஸ்கலேட்டர் பக்கம். ஷாப்பிங் என்று சொல்லிப் பெண்ணை அழைத்துவர ஒரு தோழி. இதய வடிவ பலூன்கள். "பர்மிஷன் இருக்கா தம்பி?" என்ற செக்யூரிட்டி அண்ணன் கையிலும் ஒரு பலூன். கைதட்ட ஆள் வேண்டுமென்று என்னையும் கூப்பிட்டிருந்தான். கேக்குக்குப் புதன்கிழமையே சொல்லியாகிவிட்டது. மேலே சிவப்பு க்ரீமில் 'ஷீ செட் யெஸ்'. அவளிடம் கேட்கப்போவது சனிக்கிழமை சாயங்காலம்.

"அந்தப் பொண்ணுகிட்ட முன்னாடியே பேசிட்டியாப்பா?"

"பேசிட்டா சர்ப்ரைஸ் ஏது அங்கிள்? கிரிக்கெட்டர் தீபக் சாஹர் பண்ணலையா? 2021, துபாய் ஸ்டேடியம், கேலரியிலயே முட்டி போட்டார்ல?"

போட்டார். காதலி சம்மதித்தார், அடுத்த வருடம் கல்யாணமும் ஆனது. அன்றைய ஐபிஎல் மேட்சில் அவருடைய சென்னை அணி பஞ்சாபிடம் தோற்றதை மட்டும் இவன் சொல்ல மாட்டான். ரியோ ஒலிம்பிக்ஸையும் இழுத்தான். 2016-ல் சீனாவின் ஹே ஸி டைவிங்கில் வெள்ளி வாங்கிய கையோடு, சக வீரர் சின் காய் எல்லார் முன்னாலும் மோதிரத்தை நீட்டினார். ஹே ஸியும் சரி என்றார். மறுநாள் ஊரெல்லாம் மோதிரப் பேச்சு. வெள்ளியைப் பற்றிப் பேசத்தான் ஆளில்லை.

பெண் பார்க்கும் படலத்தை நானும் கேலி செய்தவன்தான். சொஜ்ஜி, பஜ்ஜி, ஜமுக்காளத்தில் பத்து உறவு, பாடச் சொல்லும் அத்தை. இருந்தாலும் அதற்கு ஒரு கொல்லைப்புற வாசல் இருந்தது. 'ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்' என்று எழுந்துவிடலாம். பிடிக்காவிட்டால் பெண் வீட்டாரும் பழியை ஜாதகத்தின் தலையில் போடுவார்கள். செவ்வாயும் ராகுவும் கோபித்துக்கொண்டதில்லை. ஃபுட் கோர்ட்டில் எந்த கிரகத்தைத் துணைக்குக் கூப்பிடுவது?

சனிக்கிழமை அவன் முட்டி போட்டபோது அந்தப் பெண்ணின் ஒரு கையில் ஜிகர்தண்டா, மறு கையில் துணிக்கடைப் பை. மோதிரத்துக்கு விரலே காலியில்லை. கூட்டம் "சொல்லு, சொல்லு" என்று தாளம் போட்டது. பக்கத்து மேஜைப் பாட்டி மட்டும், "ஏண்டா, அந்தப் புள்ள கையில இருக்கறதையாவது குடிக்க விடுங்கடா" என்றார். அவள் மோதிரத்தையும் பார்க்கவில்லை, அவனையும் பார்க்கவில்லை. இரண்டு போன்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தலையை ஆட்டினாள். நம் ஊர்த் தலையாட்டல். 'சரி' என்றும் எடுத்துக்கொள்ளலாம், 'வெளியே வா, உனக்கு இருக்கு' என்றும் எடுத்துக்கொள்ளலாம். கூட்டம் முதலாவதை எடுத்துக்கொண்டு விசில் அடித்தது. நானும் தட்டினேன், வெட்கக்கேடு.

ஞாயிற்றுக்கிழமை காலை வாட்ஸ்அப்பில் அவளுடைய பதில் வந்தது: "எனக்கு யோசிக்க டைம் வேணும்." அதை வீடியோ எடுக்க யாரும் இல்லை.

முந்தைய நாள் போட்ட வீடியோவை அவன் இன்னும் நீக்கவில்லை; லைக் ஏறிக்கொண்டிருக்கிறதாம். மிச்சக் கேக்கை எங்கள் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினான். 'யெஸ்' என் துண்டில்தான் இருந்தது. தித்திப்பு கொஞ்சம் தூக்கல்.