சம்பளம் இல்லாத புரொபசரும் ஏழு எண்களும்

2, 8, 20, 28, 50, 82, 126.

லாட்டரி சீட்டில் அச்சடிக்கத் தோதான எண்கள்தான். ஆனால் ஓர் அணுக்கருவில் புரோட்டான்களோ நியூட்ரான்களோ இந்தக் கணக்கில் அமைந்துவிட்டால், அதை அசைப்பது கஷ்டம். வெள்ளீயத்தைப் பாருங்கள். 50 புரோட்டான். சிதையாத ஐசோடோப்புகள் மட்டும் பத்து! வேறெந்தத் தனிமத்துக்கும் இந்தக் கொடுப்பினை இல்லை.

1930-களிலேயே வால்டர் எல்சாசர் என்பவர் பாரிஸில் உட்கார்ந்து இந்த விசேஷத்தைக் கவனித்து எழுதினார். யாரும் சீந்தவில்லை. மனிதர் பிற்பாடு பூமியின் காந்தப்புலத்தை ஆராயப் போய்விட்டார். பூமியை யாரும் கண்டுகொள்ளாமல் இருக்க முடியாதல்லவா?

ஏன் சீந்தவில்லை? இயற்பியலின் பெரிய தலையான நீல்ஸ் போர் வேறு மாதிரி சொல்லிவிட்டார், அதனால்தான். அணுக்கரு என்பது ஒரு திரவத்துளி; உள்ளே எல்லாம் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு கிடக்கின்றன; அந்த நெருக்கடியில் ஆளுக்கொரு சுற்றுப்பாதையாவது, அடுக்காவது! போர் சொன்னால் அப்பீல் ஏது? போதாக்குறைக்கு, 1939-ல் அணுப்பிளவை அந்தத் துளி அழகாக விளக்கியும் தொலைத்தது. பாதி சரியான தியரியை அசைப்பதுதான் ரொம்பக் கஷ்டம்.

இந்த இடத்தில் மரியா கோப்பர்ட் மேயர் வருகிறார். 1930-ல் கோட்டிங்கனில் டாக்டர் பட்டம். அவரைப் பரிசோதித்த மூன்று பேருமே நோபல் ஆசாமிகள் (ஒருவருக்கு மட்டும் பரிசு லேட்டாக வந்தது). அமெரிக்கக் கணவரோடு கப்பலேறினார். அங்கே கணவர் புரொபசர். கணவனும் மனைவியும் ஒரே இடத்தில் வேலை பார்த்தால் நியாயம் கெட்டுவிடும் என்று பல்கலைக்கழகங்கள் கவலைப்பட்ட காலம். சிகாகோ கொஞ்சம் தாராளம்: புரொபசர் பட்டம் கொடுத்தது, அறை கொடுத்தது, மாணவர்களைக் கொடுத்தது. சம்பளம் என்ற அற்ப விஷயத்தை மட்டும் விட்டுவிட்டது.

பக்கத்தில் ஆர்கான் ஆய்வுக்கூடம் அரைநேர வேலைக்குக் கூப்பிட்டது. “எனக்கு அணுக்கரு இயற்பியல் தெரியாதே” என்றார் மரியா. கற்றுக்கொள்ளலாம் என்றார்கள். கற்றுக்கொண்டார். கொஞ்சம் அதிகமாகவே!

தனிமங்கள் எப்படிப் பிறந்தன என்று எட்வர்ட் டெல்லரோடு தேடப் போனவருக்கு அந்த ஏழு எண்களும் மறுபடி கண்ணில் பட்டன. ஆதாரங்களைத் திரட்டி 1948-ல் வெளியிட்டார். திரவத்துளிக் கட்சிக்காரரான யூஜின் விக்னர் அவற்றுக்கு ‘மேஜிக் எண்கள்’ என்று பெயர் வைத்தார். கேலியோ வியப்போ, பெயர் ஒட்டிக்கொண்டது.

ஆனால் காரணம்? கணக்குப் போட்டால் 2, 8, 20 ஒழுங்காக வரும். அதற்கப்புறம் எல்லாம் கோணல். ஒருநாள் மரியாவின் அறையில் இயற்பியலாளர் என்ரிகோ ஃபெர்மி பேசிக்கொண்டிருந்தபோது ஃபெர்மிக்குப் போன் வந்தது. வாசலை நோக்கிப் போகிறபோக்கில், “ஸ்பின்-ஆர்பிட் இணைப்புக்கு ஏதாவது அறிகுறி உண்டா?” என்று கேட்டுவிட்டுப் போனார். பத்து நிமிஷத்தில் திரும்பி வந்தால், மரியா முழு விடையையும் கொட்டுகிறார். அவர் பேசிய வேகம் தாங்காமல், நாளைக்கு நிதானமாகச் சொல்லுங்கள் என்று ஃபெர்மி நழுவியதாக மரியாவின் கணவர் பிற்பாடு சொல்லியிருக்கிறார். போன் மட்டும் வராமல் இருந்திருந்தால்?

விடை இதுதான். வால்ட்ஸ் நடன ஜோடிகள் ஹாலைச் சுற்றி வருகிறார்கள்; வந்துகொண்டே தம்மையும் சுற்றிக்கொள்கிறார்கள். இரண்டு சுற்றும் ஒரே திசையில் இருந்தால் ஆட்டம் சுலபம், எதிரெதிர் என்றால் சிரமம். அணுக்கருவிலும் அப்படியே: துகள் சுற்றி வருவதும் (ஆர்பிட்) தன்னைச் சுற்றுவதும் (ஸ்பின்) ஒரே திசையில் என்றால் ஆற்றல் குறைவு, எதிரெதிர் என்றால் அதிகம். இந்த ஆற்றல் வித்தியாசத்தைச் சேர்த்ததும் 28, 50, 82, 126 தானாக வந்து விழுந்தன. அடுக்கடுக்கான இந்தக் கருவைப் பார்த்து வுல்ஃப்காங் பௌலி மரியாவுக்கு ‘வெங்காயத்தின் மடோனா’ என்று பட்டம் சூட்டினார். பௌலியின் கூரிய நாக்குக்கு அது பாராட்டு!

ஜெர்மனியில் ஹான்ஸ் யென்சனும் நண்பர்களும் அதே சமயம் அதே விடையைப் பிடித்திருந்தார்கள். இது இயற்பியல் இல்லை, எண் விளையாட்டு என்று ஒரு சீரியசான பத்திரிகை அவர்கள் கட்டுரையைத் திருப்பி அனுப்பியது. யார் முதலில் என்று சண்டை வெடித்திருக்க வேண்டிய இடம். மரியாவும் யென்சனும் சேர்ந்து புத்தகம் எழுதினார்கள். விஞ்ஞானிகளா இவர்கள்!

1960-ல் சான் டியாகோவில் ஒரு பல்கலைக்கழகம் மரியாவுக்கு முழுச் சம்பளம் கொடுத்தது. 1963-ல் நோபல். பாதிப் பரிசு மரியாவுக்கும் யென்சனுக்கும், மறுபாதி யாருக்கு? நம் பெயர்சூட்டி விக்னருக்கு. உள்ளூர்ப் பத்திரிகையின் தலைப்போ, சான் டியாகோ அம்மாவுக்கு நோபல் என்றது. பாவம், சமையல் பக்கத்தில் போடாமல் விட்டார்களே.

இனி அணுக்கரு அடங்கி நடக்கும் என்று நினைத்தீர்களா? ஆக்ஸிஜன்-28-க்கு 8 புரோட்டான், 20 நியூட்ரான். இரட்டை மேஜிக்! இரும்புக் கோட்டையாக நிற்க வேண்டும். ஜப்பானின் ரிகென் ஆய்வுக்கூடத்தில் அதை ஒருவழியாகப் படைத்துப் பார்த்து, 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். பிறந்த மாத்திரத்தில் நான்கு நியூட்ரான்களை உதறிவிட்டுச் சிதறியது. ஏன்? இருவர் பேசிக்கொண்டிருக்கும்போது மூன்றாமவர் வந்தால் பேச்சு மாறுகிறதே, அப்படி மூன்றாவது துகள் பக்கத்தில் இருந்தால் இரண்டுக்கிடையிலான விசையே மாறுகிறது. ஆக்ஸிஜன் ஏன் அதிக நியூட்ரான்களைத் தாங்குவதில்லை என்பதற்குக் கோட்பாட்டாளர்கள் 2010-லேயே கைகாட்டிய காரணம் இதுதான்.

இருக்கவே இருக்கிறது ஈயம்-208: 82-ம் 126-ம். குண்டுமணி உருண்டை என்று பாடப்புத்தகங்கள் சத்தியம் செய்த கரு. பிரிட்டனின் சர்ரே பல்கலைக்கழகம் தலைமையிலான குழு அளந்து பார்த்து 2025-ல் முடிவைச் சொன்னது. லேசாகத் தட்டை! பரிசோதனை நடந்த இடம், மரியாவுக்கு அரைநேரச் சம்பளம் கொடுத்த அதே ஆர்கான். கோட்பாட்டாளர்கள் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறார்கள். ஈயம் எதையும் திருத்திக்கொள்ளவில்லை.