பூ ஜாடியின் வயதைக் கண்டுபிடிக்க ஆறு சுலப வழிகள்

பரணிலிருந்து கண்ணாடிப் பூ ஜாடி ஒன்றை இறக்கியிருக்கிறீர்கள். ஆரஞ்சு நிறம். வெயிலில் பிடித்தால், தண்ணீரில் சிந்திய பெட்ரோல் மாதிரி ஊதாவும் பச்சையும் ஓடுகிறது. யார் செய்தது, எப்போது செய்தது? கல்வெட்டில் தேதி படித்துப் பழகிய உத்திரமேரூர்க்காரருக்கு இதெல்லாம் ஒரு வேலையா! வாருங்கள்.

1. முதலில் "பெல்ஜியம்" என்று சொல்லிவிடுங்கள். ஆராய்ச்சியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். நிலைக்கண்ணாடி, தொங்குவிளக்கு, ஊறுகாய் பாட்டில் எதுவானாலும் நம் பக்கத்தில் பெல்ஜியம்தான்.

2. வயதுக்குத் தாத்தாவைப் பிடியுங்கள். "செங்கல்பட்டு வெள்ளைக்காரக் கலெக்டர் தாத்தா கல்யாணத்துக்குக் கொடுத்தது" என்றால் போதும். கல்யாணம் நடந்தது 1952இல் என்று பத்திரிகை சொன்னால், பத்திரிகையை ஒளித்து வையுங்கள்.

3. நன்றாகத் தேய்த்துக் கழுவுங்கள். சபீனாவும் தேங்காய் நாரும் உத்தமம். அந்த வானவில் பளபளப்பு, சூடான கண்ணாடியின் மேல் உலோக உப்புக் கரைசலைத் தெளித்து வரவழைத்தது. கார்னிவல் கண்ணாடி என்பார்கள். 1907 வாக்கில் அமெரிக்காவின் ஃபென்டன் கம்பெனி தொடங்கிவைத்த வித்தை. விடாமல் தேய்த்தால் மங்கிவிடும். அடிப்பாகத்தை உப்புத்தாளால் ஒரு பிடி பிடியுங்கள். பல வருஷம் மேஜையில் நகர்ந்த ஜாடிக்குக் கீறல்கள் கண்டபடி விழுந்திருக்கும். உங்களுடையவை ஒரே திசையில் ஒழுங்காக விழும். ஒழுங்கு நல்லதுதானே!

4. "கையால் ஊதிச் செய்தது" என்று அடித்துச் சொல்லுங்கள். பக்கவாட்டில் மேலிருந்து கீழே அச்சின் கோடு ஓடுகிறதா? விரலால் மறைத்துக்கொள்ளுங்கள். ஊதிய ஜாடியை இரும்புக் கோலிலிருந்து உடைத்தெடுத்த வடு அடியில் தொப்புள் போல இருக்குமாமே என்று யாராவது கேட்டால், காபி கொண்டுவரப் போய்விடுங்கள்.

5. எக்காரணம் கொண்டும் ஜாடியைக் கவிழ்க்காதீர்கள். இது முக்கியம். உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தகச் சோழனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுகளை, அதாவது 919, 921ஐ, வருகிற விருந்தாளிக்கெல்லாம் விரல் வைத்துக் காட்டுங்கள். அந்தக் கல்வெட்டுகளின் குடவோலைத் தேர்தல் விதிகளை ஒப்பியுங்கள். ஆயிரம் வருஷக் கல்லில் தேதி தேடுகிற அதே விரலை ஜாடியின் அடிக்குக் கொண்டுபோகாதீர்கள். அங்கே ஆங்கிலத்தில் நாலே எழுத்து புடைத்திருக்கலாம்: ஜெயின். உத்தரப் பிரதேசத்தின் வளையல் ஊரான ஃபிரோசாபாத்தில் ஜெயின் கண்ணாடித் தொழிற்சாலை இருந்தது. மீன் சுற்றிய ஜாடி, துதிக்கை வைத்த யானை ஜாடி, கை உருவ ஜாடி எல்லாம் அங்கே அச்சில் செய்தார்கள். சிலவற்றில்தான் பெயர் இருக்கும். அந்த நாலு எழுத்தைப் படித்த நிமிஷத்தில் உங்கள் பெல்ஜியம் போச்சு, கலெக்டர் போச்சு. மைத்துனர் முகத்தில் எப்படி விழிப்பீர்கள்?

6. ஜெயின் என்றே தெரிந்துவிட்டதா? "ப்பூ, நம்ம ஊர் சரக்கா" என்று அன்றே பழைய இரும்புக்காரரிடம் போட்டுப் பேரீச்சம்பழம் வாங்கிக்கொள்ளுங்கள். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் இந்த இந்திய ஜாடிகளைத் தேடித்தேடிச் சேர்க்கிறவர்கள் இருக்கிறார்கள். பழம் தின்று முடிக்கிறவரை அதை யாரும் உங்களிடம் சொல்லிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.