வீட்டுப் பிள்ளையை விற்றால் லாபமா?

கேள்வி: நஷ்டத்துக்கு உச்சவரம்பு இருந்தும் செல்சி போன்ற கால்பந்து கிளப்புகள் கோடி கோடியாகக் கொட்டி ஆள் எடுப்பது எப்படி?

பதில்: எல்லாம் வகுத்தல் கணக்குதான்! 2023 ஜனவரியில் என்சோ பெர்னாண்டஸை செல்சி சுமார் 10.7 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஒப்பந்தம் எட்டரை ஆண்டு. விலையை எட்டரையால் வகுத்தால், கணக்கில் ஆண்டுச் செலவு 1.26 கோடிதான். மூன்று ஆண்டு நஷ்டம் 10.5 கோடியைத் தாண்டக் கூடாது என்ற அன்றைய பிரீமியர் லீக் விதிக்குள் மலையும் மடுவாகிவிடும். விழித்துக்கொண்ட ஐரோப்பியக் கால்பந்து அமைப்பான யூயெஃபா, விலையை ஐந்து ஆண்டுக்கு மேல் பிரிக்கக் கூடாது என்றது. 2023 டிசம்பரில் பிரீமியர் லீகும் அதையே ஏற்றது.

விற்பனைக் கணக்கு வேறு: லாபம் முழுவதும் அந்த ஆண்டிலேயே ஏறும். அகாடமியில் வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லாததால், விற்ற பணம் ஏறக்குறைய அத்தனையும் லாபம். ஆறு வயதில் செல்சிக்கு வந்த மேசன் மவுண்ட், 2023இல் மான்செஸ்டர் யுனைடெட்டுக்குப் போனார். மைதானத்தில் அவர் பெயரைச் சொல்லிக் கத்திய ரசிகனுக்கு இந்த லாபத்தால் என்ன பயன்? பெற்ற பிள்ளையை விற்கத் தூண்டும் விதி, திருத்தப்பட வேண்டிய விதி.